எந்த ஊர்க் கணக்கில் நான் உயிரோடிருக்கிறேன்?

கதிர்வீச்சு முடிந்துவிட்டது. தலையில் கோழிக்குஞ்சின் தூவி போல ஏதோ முளைக்கிறது. அடுத்த பரிசோதனைக்குக் கூப்பிடும்வரை கொஞ்சம் காலம் கிடைத்திருக்கிறது. அதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிப்போனால் எழுத மாட்டேன். எனக்குக் கோபம் கொதிக்கும்போதுதான் கை ஓடும். நன்றி சொல்லி, கடவுளைக் கும்பிட்டு, "நோய் எனக்குப் பாடம் கற்பித்தது" என்று முடிக்கிற கட்டுரை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போங்கள். எனக்கு அது ஒரு பாடமும் கற்பிக்கவில்லை. ஒரு மார்பை எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் எங்களுக்கு மளிகைக் கடை. மொத்தமும் உண்டு, சில்லறையும் உண்டு. கடைக்கு மேலே வீடு. உடன்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த மறுநாள் பிடித்த துணியை இன்னும் கீழே வைக்கவில்லை. துடைக்கிறேன். ஜன்னல் கம்பி, தட்டு, தராசு, அரிசி மூட்டையின் தோள், சாமி படத்தின் கண்ணாடி. காலையில் துடைத்தால் மத்தியானம் மறுபடி கரி. விரலால் பெயர் எழுதலாம். துறைமுகத்துக்குப் போகும் லாரி அதைக் கொண்டுவரும். எண்ணூர்ப் பக்கம் காற்று திரும்பினால் காற்றும் கொண்டுவரும். சாயங்காலமானால் மணலிப் பக்கத்திலிருந்து ஒரு வாடை, அழுகிய முட்டையும் எரிந்த ரப்பரும் கலந்தது போல. விருந்தாளிதான் மூக்கைப் பொத்துவார். எங்களுக்கு அது பொழுது சாய்ந்ததற்கு அடையாளம்.

குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ கையில் பட்டது. ஊறாத கொண்டைக்கடலை ஒன்று தோலுக்கடியில் கிடந்தது போல. வலிக்கவில்லை. வலிக்காத கட்டிக்குத்தான் பயப்பட வேண்டும் என்று இந்த ஊரில் எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை. சினிமாவுக்கும் கட்சிக்கும் காதுகுத்துக்கும் சுவர் இருக்கிறது. இதற்கு இல்லை.

கொண்டைக்கடலை நெல்லிக்காய் ஆனபோது அவரிடம் சொன்னேன். அவர் என் மாமன் மகன். அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அன்றே கடையைச் சாத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு போனார். கடை திறந்த நாளிலிருந்து, கல்யாணம் சாவு தவிர, நடுப்பகலில் ஷட்டர் இறங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன். அதிலேயே பாதி பயம் வந்துவிட்டது.

புற்றுநோய் மருத்துவமனையின் பதிவு ஜன்னலில் இருந்தவர் நிமிராமல் கேட்டார். பெயர். வயது. எந்த ஊர்?

"உடன்குடி பக்கம், பனைவிளை" என்றார் அத்தான்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேட்டால் அதைத்தான் சொல்வோம்.

பிறகு சோதனைகள். மேமோகிராம் என்றால் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அப்பளமாக அழுத்திப் படம் எடுப்பது. பயாப்ஸி என்றால் கனத்த ஊசியால் கட்டியிலிருந்து நூல் போல் சதையை எடுத்து, அதன் குணம் என்ன என்று பார்ப்பது. அப்புறம் உடம்பு முழுக்க ஸ்கேன். வேறெங்காவது போயிருக்கிறதா என்று. அக்குளின் நெறிக்கட்டிகளுக்குப் போயிருந்தது. எலும்புக்கும் ஈரலுக்கும் போகவில்லை. இதை அவர்கள் மூன்றாம் கட்டம் என்கிறார்கள். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பெஞ்சு, ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு கூட்டம். காப்பீட்டு அட்டை மருந்தைத் தாங்கும். ஆட்டோவைத் தாங்காது, வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேனைத் தாங்காது. பெஞ்சில் யாரும் அழுவதில்லை. தூங்குவார்கள், தயிர்சாதம் சாப்பிடுவார்கள், வரிசையில் முந்துகிறவளை வைவார்கள். நானும் வைதேன்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "பிழைப்பேனா?"

"உங்க கட்டத்துல இருக்கிறவங்கள்ல நூறு பேரை எடுத்துக்கிட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு இத்தனை பேர் உயிரோட இருக்காங்க" என்று ஓர் எண்ணைச் சொன்னார். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். என் எண் உங்களுக்கு உதவாது. உங்கள் கட்டம் வேறு, உடம்பு வேறு. எனக்கே அது உதவவில்லை. நூறு பேர் வரிசையாக நிற்பது போலவும், யாரோ ஒருவர் நடந்துவந்து, நீ இரு, நீ போ என்று தலையைத் தொடுவது போலவும் கண்ணுக்குள் ஓடியது.

"அந்த நூறு பேரு யாரும்மா?" என்றேன். "எந்த ஊருக்காரங்க? இந்தக் கரியைக் குடிச்சவங்க யாராவது அதுல உண்டா?"

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "கணக்கெடுக்கிறவங்க இங்க வருவாங்க. சொல்லி வைக்கிறேன், அவங்களையே கேளுங்க" என்றார்.

முதலில் கீமோ, அப்புறம் அறுவை, அப்புறம் கதிர். கீமோ என்பது நரம்பு வழியாக ஏற்றும் மருந்து. உடம்பில் எதுவெல்லாம் வேகமாகப் பெருகுகிறதோ அதையெல்லாம் அடிக்கும். கட்டியை அடிக்கும், கூடவே முடியை, வாய்த்தோலை, வயிற்றின் உள்தோலை. திருடனைப் பிடிக்கத் தெருவையே கொளுத்துகிற வைத்தியம். முதல் மருந்து நல்ல சிவப்பு. அன்றைக்குச் சிறுநீரும் சிவப்பாகப் போகும். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால் ரத்தம் என்று நினைத்துச் செத்தே போவீர்கள்.

எனக்குச் சொன்னவள் அஞ்சலை. பக்கத்துக் கட்டில். காத்திவாக்கத்துக்காரி, கழிமுகத்தில் இறால் பிடிக்கிற குடும்பம். எனக்கு வந்த அதே நோய், எனக்கு ஒரு சுற்று முன்னால்.

"யக்கா, பாத்ரூம் போனா பயந்துடாத. ரோஸ்மில்க்கு மாதிரி போவும். நான் மொத தபா கத்துன கத்துல நர்சம்மா செருப்ப கூட போடாம ஓடியாந்துச்சு."

சிரித்தால் வாய்ப்புண் எரியும். அவளோடு இருந்தால் எரிந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.

"நீ எந்த ஊரு யக்கா?"

"உடன்குடி பக்கம்" என்றேன்.

"அங்கேந்தா வந்துகினு போய்கினு கீற? இன்னா தூரம்!"

"இல்ல, வீடு திருவொற்றியூர்லதான். தேரடி."

"அடச்சே! பக்கத்துல கீற, அப்பறம் இன்னாத்துக்கு கன்னியாகுமரி வரைக்கும் இஸ்துகினு போற?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல். ரத்தத்தின் வெள்ளணுக்கள்தான் கிருமியோடு சண்டை போடுகிறவை. கீமோ அவற்றையும் அழித்துவிடும். அவை மீண்டும் ஏறும்வரை படுக்க வைத்தார்கள். அஞ்சலையும் அதே காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள். அந்த நாட்களில்தான் மாலதி வந்தாள். முப்பது வயதிருக்கும். தோளில் பை, நடந்து நடந்து தேய்ந்த செருப்பு. நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டில் களப்பணி.

"டாக்டரம்மா சொன்னாங்க, நூறு பேர் யாருன்னு கேட்டீங்களாமே" என்று கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். ஒரு மருத்துவமனை தன் நோயாளிகளை மட்டும் எண்ணினால், அது அங்கே வந்து சேர முடிந்தவர்களின் கணக்கு. நகரத்தின் கணக்கு வேறு. எல்லா மருத்துவமனைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போய், இந்த நகரத்தில் குடியிருக்கிறவர்களில் யாருக்கெல்லாம் புதிதாக இந்த நோய் வந்தது என்று ஒருவர் விடாமல் எடுக்க வேண்டும். பாதியில் வைத்தியத்தை விட்டவள், தனியாரிடம் போனவள், நாட்டு மருந்தோடு வீட்டில் கிடந்தவள், எல்லாரும். அப்புறம் வருஷா வருஷம் தேட வேண்டும். போன் போடுவார்கள். எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போவார்கள். சாவுப் பதிவுகளோடு ஒப்பிடுவார்கள். ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் மிச்சம் என்பதுதான் அந்த நகரத்தின் பிழைப்பு வீதம்.

"வேற காரணத்துல செத்தா?" என்றாள் அஞ்சலை. "எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி தூக்கிட்டா?"

"அதுக்குத் தனியா ஒரு கழிவு போடுவாங்கக்கா. கேன்சர் வராதவங்களும் எப்படியும் கொஞ்சம் பேர் சாவாங்கல்ல, அதைக் கழிச்சுப் பார்ப்பாங்க."

"அப்ப லாரி எங்கள இன்னா பண்ணாலும் உங்க மார்க்கு கொறையாது. நல்லா கீதுடி உங்க கணக்கு!"

மாலதியும் சிரித்தாள். பிறகு, கிடைக்காமல் போகிறவர்கள்தான் பெரிய தொல்லை என்றாள். கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தோரம் ஒரு பெண்ணைத் தேடிப் போனாளாம். பெண்ணும் இல்லை, வீடும் இல்லை, அந்த வரிசையே இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்களாம். இருக்கிறாளா செத்தாளா, யாருக்குத் தெரியும்? அவளைத் தொடர்பு அறுந்தவள் என்று குறிப்பார்கள். அறுத்தது யார் என்று குறிக்க இடமில்லை.

"என்னை எழுதிட்டீங்களா?" என்று கேட்டேன்.

மாலதி கையிலிருந்த கருவியில் தேடினாள். தயங்கினாள். "நீங்க எங்க கணக்குல வரமாட்டீங்கக்கா. வெளியூர்."

"யாரு வெளியூர்?"

"தூத்துக்குடி மாவட்டம்னு இருக்கே. பனைவிளை. நீங்க வைத்தியத்துக்கு இங்க வந்து போறவங்கன்னுதான் ஏறியிருக்கு."

காய்ச்சலில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கையில் ஊசி இழுத்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இந்தப் பகுதியில் எந்த அண்ணாச்சி கடையிலும் கேட்டுப் பாருங்கள், எந்த ஊர் என்று. பிள்ளைகள் இங்கே பிறந்திருக்கும், பிள்ளைகளின் பிள்ளைகளும் இங்கே பிறந்திருக்கும். கடைக்காரர் நாசரேத் என்பார், திசையன்விளை என்பார், உடன்குடி என்பார். திருவொற்றியூர் என்று ஒருவர் சொல்ல மாட்டார். இது கடை இருக்கிற இடம். ஊர் என்பது அது. அங்கே அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுப்போம். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஒரு தலைக்கட்டு. வரி கொடுக்கிறவனுக்குத்தான் கோயிலில் இடம், செத்தால் தூக்க ஊரார் வருவார்கள். ரேஷன் கார்டு அங்கே, ஓட்டு அங்கே, காப்பீட்டு அட்டையும் அந்தக் கார்டை வைத்துத்தான். மூச்சு மட்டும் இங்கே.

பனைவிளையில் காற்று எப்படியிருக்கும் தெரியுமா? செம்மண்ணும் கடலும் கருப்பட்டியும் மணக்கும். அந்தக் காற்றில் வருஷத்துக்கு ஒரு வாரம் நின்றேன். மிச்சமெல்லாம் இங்கேதான். இந்தக் கரியைத் துடைத்த கை, இந்த வாடையைக் குடித்த நெஞ்சு. இப்போது நான் செத்தால் அது பனைவிளையின் சாவு. நான் பிழைத்தால் அது பனைவிளையின் பிழைப்பு. இந்த நகரம் என் பெயரைக்கூடத் துடைத்துக்கொண்டு சுத்தமாக நிற்கும். என்னைப் போல எத்தனை அண்ணாச்சிகள், எத்தனை அண்ணாச்சிமார் பெண்டாட்டிகள்?

"இந்தக் காத்தாலதான் எனக்கு வந்துச்சுன்னு அதுல எழுதுவீங்களா?" என்றேன்.

மாலதி பொய் சொல்லவில்லை. "அது இந்தக் கணக்குல தெரியாதுக்கா. யாருக்கு வந்துச்சு, எங்க இருக்காங்க, இருக்காங்களா, அவ்வளவுதான் எங்க வேலை. ஏன்னு கேக்கறவங்க அப்புறம் வரணும். ஆனா கணக்குலயே இல்லாட்டி, வந்து கேக்கறவங்களுக்கும் நீங்க கிடைக்க மாட்டீங்க."

"யக்கா" என்றாள் அஞ்சலை, இந்த முறை சிரிக்காமல், "நீ இங்கியே கீற. ஆனா இல்ல. இன்னா கலீஜான பொழப்பு இது?"

திருத்த முடியுமா என்று கேட்டேன். முடியும். கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பது முக்கியமில்லை, உண்மையில் எங்கே குடியிருக்கிறோம் என்பதுதான் முக்கியம். வீட்டுக்கு வந்து விசாரித்து மாற்றுவார்கள். வீட்டில் ஒருவர் சொல்ல வேண்டும். "பதிவு ஜன்னல்ல ஊர் சொன்னது அண்ணாச்சிதானே? அவரே மாத்திச் சொல்லிட்டா எனக்குச் சிக்கல் இல்ல" என்றாள் மாலதி.

அன்று சாயங்காலம் அத்தான் கஞ்சியோடு வந்தார். சொன்னேன்.

"ஏட்டி, உனக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிட்டா? ஊரை மாத்திச் சொல்லவா? நாளைக்குக் கொடையில ஒருத்தன் நாக்குமேல பல்லைப் போட்டுக் கேட்டான்னா? தங்கராஜு மெட்ராஸ்காரனாயிட்டான், அவனுக்கு என்னத்துக்கு வரின்னு?"

"கொடையில யாரு இதைப் பாக்கப் போறாவ?"

"யாரும் பாக்காட்டி பொய் சொல்லிரலாமா?"

"இதுவா பொய்? அத்தான், நான் எங்க மூச்சு விட்டேன்னு சொல்லுங்க. அதுமட்டும் சொல்லுங்க."

அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தார். ஆறி ஏடு படிந்த பிறகும் ஆற்றினார்.

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் கடையில் மிளகாய் வற்றல்தான் பெரிய வியாபாரம். குண்டூரிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும். முதல் கீமோ முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அந்த நெடி மாடிப்படி ஏறி வந்து என்னைக் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுக்க வைத்தது. மறுநாள் நெடி இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கடைக்கு வந்த ஆட்களிடம் "சரக்கு வரல" என்று அவர் சொல்வது மாடிக்குக் கேட்டது. சரக்கு வந்துகொண்டுதான் இருந்தது. எல்லாவற்றையும் ராயபுரத்தில் இன்னொரு அண்ணாச்சியிடம் திருப்பிவிட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண்டாட்டிக்காக வியாபாரத்தை விடுவார், ஊரை விடமாட்டார். இப்படிப்பட்ட ஆளிடம் எங்கே போய்க் கோபப்படுவது? எனக்கு அதற்கும் கோபம் வந்தது.

அறுவை முடிந்தது. நெஞ்சின் இடப்பக்கம் தையல் போட்ட சாக்கு மாதிரி இருந்தது. கதிருக்கு உடம்பில் மையால் கோடு போட்டார்கள். அழிந்துவிடும், குளிக்காதே என்றார்கள். எல்லாவற்றையும் துடைத்தே வாழ்ந்தவள் அந்தக் கோட்டைத் துடைக்காமல் வாழ்ந்தேன். போராளி என்று ஒரு உறவுக்காரி வாட்சப்பில் வாழ்த்து அனுப்பினாள். யாரோடு போராடினேன்? என்னைப் படுக்க வைத்தார்கள், படுத்தேன். என்னத்தைத் தின்றாய் என்று இன்னொருத்தி கேட்டாள். சோறுதான் தின்றேன் என்றேன். என்ன குடித்தாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கதிர் முடிந்த வாரம் மாலதி கடைக்கே வந்துவிட்டாள். நான் மாடியிலிருந்து இறங்கி, பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலையும் இருந்தாள். ஒரு கை வீங்கியிருந்தது. நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு அப்படி நீர் கோக்கும். இருந்தும் என்னைப் பார்க்க பஸ் ஏறி வந்தவள்.

மாலதி கேட்டாள்: "அண்ணாச்சி, அக்கா நோய் வர்றதுக்கு முன்னாடியிலிருந்து எங்க குடியிருக்காங்க?"

அவர் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். வாங்க வந்த இரண்டு பேர் காத்து நின்றார்கள்.

"எங்க ஊரு…" என்று வாய் தன்பாட்டில் தொடங்கியது.

"அண்ணாத்த" என்றாள் அஞ்சலை. "உன்ன யாரும் ஊர வுட்டு தொரத்தல. நீ எங்கியோ போய் சாமி கும்புடு, கெடா வெட்டு, எங்கள கூப்புடு, துன்னுட்டு வர்றோம். அந்தம்மா கேக்குறது யக்காவ."

தராசுத் தட்டு மேலும் கீழும் ஆடி நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் பனைவிளைதான்ம்மா. அதுல மாத்தமில்ல. இவ… இவளுக்குத் திருவொற்றியூருன்னு போட்டுக்கிடுங்க. வந்த நாள்லேருந்து இவ இங்கதான் கிடந்து துடைச்சா."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. இத்தனை வருஷம் ஒரே தலைக்கட்டாக இருந்தவர்கள், உளுந்து மூட்டைக்கு முன்னால், வாடிக்கைக்காரர்களுக்கு முன்னால், இரண்டு ஊராகப் பிரிந்தோம். ஒரு பெண் எங்கே வாழ்ந்தாள் என்ற சின்ன உண்மையை இந்த நகரத்தின் காதில் போட, இவ்வளவு அறுக்க வேண்டியிருக்கிறது. மார்பை அறுத்தது பத்தாதா?

மாலதி பதிந்துகொண்டாள். "வருஷத்துக்கு ஒரு தடவை போன் வரும் அண்ணாச்சி. எப்படி இருக்காங்கன்னு கேப்போம். உங்க நம்பர்தானே இருக்கு, அதுவே இருக்கட்டுமா?"

"வேண்டாம்" என்றார் சட்டென்று. பயந்துபோன குரல். அந்தப் போனை எடுத்து, அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லும்படி ஆகிவிடுமோ என்ற பயம் எனக்கும் கேட்டது. "என் நம்பரை எடுத்துருங்க. அவ நம்பரைப் போடுங்க. எத்தனை வருஷம் கழிச்சுக் கூப்பிட்டாலும் அவதான் எடுக்கணும். அவளேதான் பேசணும்."

சொன்னேன். மாலதி சரிபார்க்க அந்த நம்பரை அழுத்தினாள். என் மடியில் போன் அடித்தது. வெட்டிவிடலாம், எதிரிலேதான் நிற்கிறாள். அத்தான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

எடுத்துக் காதில் வைத்தேன்.

"அக்கா, இருக்கீங்களா?" என்றாள் மாலதி, விளையாட்டாகத்தான்.

"இருக்கேன்" என்றேன். "திருவொற்றியூர்ல இருக்கேன்."

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கிறேன் போல.